பழைய புல்லட்டும் ஒரிஜினல் பாகமும்

ஐயா,

பழைய புல்லட்டை மீட்டெடுப்பவர்களுக்கு ஒரிஜினல் பாகம் இப்போது நகைக்கடைச் சரக்கு. எங்கள் திருவொற்றியூரிலேயே உருவான வண்டிக்கு, உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கடைக்காரர் வாய்க்கு வந்ததுதான் விலை. வார்ப்பிரும்பு இன்ஜின் உற்பத்தி நின்றுபோய் பழைய இருப்பு கரைகிறது, அது புரிகிறது. போலியைப் பழைய டப்பாவில் போட்டு ஒரிஜினல் விலை வாங்குவதுதான் பொறுக்கவில்லை.

தீப்பொறிக்காக மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டிக்கும் பாயிண்ட் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது திறக்கும்போது இரு முனைகளுக்கும் இடையே இடைவெளி சுமார் 0.38 மி.மீ. இருக்க வேண்டும். போலியில், பாயிண்டைத் திறக்கும் சுழல் பாகமான கேம் மீது உரசும் ஃபைபர் முனை மென்மையாக இருப்பதால் சீக்கிரமே தேய்ந்து இடைவெளி சுருங்கும். தீப்பொறி தாமதமாகும், இன்ஜின் சூடேறும், கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓயும். கடைசியில் பழி கார்புரேட்டர் மீது விழுந்து, அதையும் மாற்றிவிடுவார்கள்! கேமில் துளி கிரீஸ் போதும். கூடினால் பாயிண்டில் தெறித்துக் கரி பிடிக்கும்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. 350 சிசி சிலிண்டர் தேய்ந்திருந்தால் உள்ளே லைனர் என்ற புதிய குழாயை இறக்கி, துளையை 70 மி.மீ.க்குக் கடைந்தால் ஸ்டாண்டர்டு பிஸ்டனே பொருந்தும். காசிமேட்டு உப்புக்காற்று தின்ற ரிம்மில் குழி ஆழமாக இல்லையென்றால் மீண்டும் குரோம் ஏற்றலாம். அடியில் நிக்கல் பூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டால் குரோம் உரிந்துவிடும்.

பில்லில் 'ஒரிஜினல்', 'மாற்று' என்று எழுதித் தர கடைக்காரர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். உற்பத்தியாளர்களும் முன்பதிவு பெற்றாவது பழைய மாடல் பாகங்களைச் செய்து தரலாம்.

– பழைய வண்டி ஆர்வலர்கள், திருவொற்றியூர், சென்னை