ஸ்கீன்ஸ் இருக்கும்போதே பேட்டர்களை வாங்குங்கள்: பைரேட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நவம்பர் 2025

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் பாப் நட்டிங், பொது மேலாளர் பென் செரிங்டன் இருவருக்கும் வணக்கம்.

நம் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸுக்கு இந்த மாதம், லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது கிடைத்ததில் உங்களுக்கு எவ்வளவு சந்தோஷமோ, அவ்வளவு எங்களுக்கும். ஓட்டுப் போட்ட 30 பேரும் அவரைத்தான் முதலிடத்தில் எழுதியிருக்கிறார்கள். 1960இல் வெர்ன் லா, 1990இல் டக் டிராபெக், இப்போது இவர். இத்தனை பழைய அணியில் இதை வாங்கியவர்கள் மூன்றே பேர். ஆனால் அவருடைய சீசன் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஈ.ஆர்.ஏ. 1.97, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் சராசரியாக இரண்டு ரன் கூட இல்லை. எதிரணிகளை 216 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்திருக்கிறார். ஆனால் அவர் பெயரில் வெற்றி 10, தோல்வியும் 10.

மே 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆட்டம் உங்களுக்கும் மறந்திருக்காது. எட்டு இன்னிங்ஸும் ஸ்கீன்ஸ் ஒருவரே வீசினார். கொடுத்தது ஒரே ஒரு ரன். நம் ஆட்கள் எடுத்தது பூஜ்யம். முன்னிலையில் இருந்த உள்ளூர் அணி ஃபில்லீஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் பேட் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவர் முதன்முதலாக முழு ஆட்டத்தையும் தனியாக வீசி முடித்த நாள் அது, தோற்ற நாளும் அதுதான். 22 வயதுப் பையன் இதற்கு மேல் என்னதான் செய்வான்?

இந்த சீசனில் நம் அணி முழுவதும் சேர்ந்து அடித்த ஹோம் ரன் 117. முப்பது அணிகளில் இதுதான் குறைவு. ரன் எடுத்ததிலும் கடைசி. ஃபில்லீஸ் பேட்டர் கைல் ஷ்வார்பர் தனியாளாகவே 56 அடித்தார், அவர் இப்போது எந்த அணிக்கும் கையெழுத்துப் போடாமல் இருக்கிறார். 71 வெற்றி, 91 தோல்வி என்று நாம் முடித்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பிட்ச்சிங் இருக்கிறது, அடிக்க ஆள் இல்லை.

என் பயம் என்ன என்றால், இந்தக் கதையை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2011 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் ஆளாக எடுத்த பிட்ச்சர் கெரிட் கோலை 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு அனுப்பினீர்கள். அதே மாதத்தில் நம் நட்சத்திர பேட்டர் ஆண்ட்ரூ மெக்கட்சனும் போனார். கோலுக்குப் பதிலாக வந்த நால்வரில் உருப்படியானவர் ஜோ மஸ்க்ரோவ். அவரையும் சான் டியேகோவுக்குக் கொடுத்தோம், அங்கே போன வேகத்தில் அந்த அணியின் முதல் நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டத்தை) வீசினார். 2018 ஜூலையில் பிட்ச்சர் கிறிஸ் ஆர்ச்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் கொடுத்ததைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை. கிளாஸ்னோ இந்த மாதத் தொடக்கத்தில் டாட்ஜர்ஸ் சட்டையில் உலகத் தொடரை வென்றார். செரிங்டன் சார், இவற்றில் பல நீங்கள் வருவதற்கு முன் நடந்தவை. ஆனால் உரிமையாளர் அதே உரிமையாளர்தான்.

சரி, ஆட்டமில்லாமல் வீரர்களை வாங்கும் குளிர்காலத்தில் நமக்கு நல்லதே நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. 2012 நவம்பரில் ரஸ்ஸல் மார்ட்டினை இரண்டு வருடத்துக்கு 17 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தீர்கள். அந்தக் காசுக்கு ஒரு கேட்ச்சரா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அடுத்த சீசனில், 20 வருடத் தொடர் தோல்வி முடிவுக்கு வந்தது. 2013 அக்டோபர் 1, நம் அரங்கமான பிஎன்சி பார்க், தோற்றால் வெளியேற வேண்டிய வைல்ட் கார்டு ஆட்டம். அரங்கமே "குவே...ட்டோ" என்று இழுத்து இழுத்துக் கத்த, எதிரணி பிட்ச்சர் ஜானி குவேட்டோ கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை மார்ட்டின் இடது பக்கம் தூக்கி ஹோம் ரன் அடித்தார். இந்த ஊரில் அன்றைக்கு எழுந்த சத்தத்துக்கு விலை 17 மில்லியன் என்றால், அது மலிவு.

ஸ்கீன்ஸ் 2029 சீசன் வரை நம் கையில் இருக்கிறார். 2026 முடிந்ததும் அவர் சம்பளம் ஏறத் தொடங்கும். சம்பளத்தை ஏற்றிக் கொடுக்கப் பயந்து 2027இலோ 2028இலோ அவரை விற்கும் பேச்சு எழும் என்று நாங்கள் எல்லோரும் இப்போதே பயப்படுகிறோம். அவர் சிரித்துக்கொண்டே இருப்பதாலேயே காத்திருப்பார் என்று நினைக்காதீர்கள்.

நம் இளம் பேட்டர் கானர் கிரிஃபின் வருகிறாரே என்பீர்கள். வரட்டும், அவர் ஆட்டத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். 19 வயதில் மைனர் லீக்கில் 21 ஹோம் ரன் அடித்து 65 பேஸ் திருடிய பையன். ஆனால் ஒரு அணியின் மொத்தப் பேட்டிங்கையும் அந்தத் தோளில் ஏற்றாதீர்கள். சுற்றிலும் பழக்கப்பட்ட இரண்டு பேட்டர்கள் இருந்தால்தான் அவர் தன் போக்கில் வளர முடியும். இளம் பிட்ச்சர் ஒருவரைக் கொடுத்து பேட்டர் வாங்க வேண்டி வந்தால் கொடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். வருகிறவர் ஏப்ரலிலேயே மேஜர் லீக்கில் அடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும், மூன்று வருடம் கழித்து அல்ல.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இந்த அணி இதுவரை கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெனால்ட்ஸுக்கு 2023இல் கொடுத்த 106.75 மில்லியன், அதுவும் எட்டு வருடத்துக்கு. சம்பளப் பட்டியலில் வருடா வருடம் கீழ்வரிசையில்தான் நிற்கிறோம். 2026 டிசம்பர் 1இல் வீரர்களுடனான லீக் ஒப்பந்தம் காலாவதியாகிறது, லாக்அவுட் (உரிமையாளர்கள் ஆட்டத்தை நிறுத்தி வைப்பது) வரலாம், அதனால் இப்போது கையை இறுக்கிக்கொள்வோம் என்ற யோசனை தயவுசெய்து வேண்டாம். ஏப்ரலில் நம் அணியின் மறைந்த ஜாம்பவான் ராபர்ட்டோ கிளெமென்ட்டேயின் 21 என்ற சட்டை எண்ணை அரங்கச் சுவரில் மறைத்து விளம்பரம் வைத்தபோது ஊரே கொதித்தது, நீங்களும் அதைத் திருப்பி வைத்தீர்கள். நாங்கள் சொன்னால் கேட்கத் தெரிந்தவர்கள்தான் நீங்கள்.

டிசம்பரில் ஒர்லாண்டோவில், எல்லா அணி நிர்வாகங்களும் கூடி வீரர்களுக்குப் பேரம் பேசும் குளிர்காலக் கூட்டம். அங்கே போகும்போது ரெனால்ட்ஸ் ஒப்பந்தத்தைத் தாண்டிய ஒரு தொகைக்கு உரிமையாளரின் ஒப்புதலைக் கையோடு கொண்டுபோங்கள், செரிங்டன் சார். நட்டிங் சார், அந்த ஒப்புதலைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு பைரேட்ஸ் ரசிகன்