செவ்வன் மறுதாக்கம் செய்யும் குழப்பம்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகளுக்கு,

ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் சோடியாக உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் நிறைக்கு, அதாவது பூமி அதை இழுக்கும் விசைக்குச் சோடி, மேசை அதை மேலே தள்ளும் செவ்வன் மறுதாக்கம் என்று உன் பத்தாந்தரப் பிள்ளைகள் எழுதினால் அவர்களை ஏசாதே. ‘மறுதாக்கம்’ என்று பெயரை வைத்துவிட்டு, அது நிறையின் மறுதாக்கம் இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

அந்த இரண்டு விசையும் ஒரே புத்தகத்தில் தாக்குகின்றன. தாக்கமும் மறுதாக்கமும் ஒருபோதும் ஒரே பொருளில் தாக்கமாட்டா. பூமி புத்தகத்தை 20 நியூட்டனால் கீழே இழுக்கிறது; புத்தகம் பூமியை 20 நியூட்டனால் மேலே இழுக்கிறது. நிறைக்குச் சோடி அதுதான். மேசை புத்தகத்தைத் தள்ளுவதற்குச் சோடி, புத்தகம் மேசையை அழுத்துவது. இன்னும் நம்பாவிட்டால், அந்த 2 கிலோகிராம் புத்தகத்தை 1 மீற்றர்/செக்கன்² ஆர்முடுகலுடன், அதாவது வேகம் கூடிக்கொண்டே, மேலே போகும் லிஃப்டில் வைத்துக் கணிக்கச் சொல். நிறை அதே 20, செவ்வன் மறுதாக்கம் 22. சோடி என்றால் இந்த 2 எங்கிருந்து வந்தது?

இந்த விதியைக் காட்ட வகுப்பில் பலூன் விடுவது வேடிக்கைதான், ஆனால் எண் கிடைக்காது. இதைச் செய்துபார். முகவையில் அரைவாசி நீர் எடுத்து டிஜிட்டல் சமையல் தராசில் வை. 260 கிராம் கருங்கல்லை நூலில் கட்டி விற்றராசில் (சுருள்வில் தராசில்) தொங்கவிடு, 2.6 நியூட்டன் காட்டும். கல் முழுக்க அமிழும்வரை மெல்ல இறக்கு. கல்லின் கனவளவு 100 கன சென்ரிமீற்றர் என்றால் விற்றராசு 1.6க்கு இறங்கும், கீழ்த் தராசு 100 கிராமால், அதாவது 1 நியூட்டனால் கூடும். நீர் கல்லுக்குக் கொடுத்த மேலுதைப்பும், கல் நீரைக் கீழே தள்ளிய விசையும் இரண்டு தராசிலும் தனித்தனியே தெரியும்.

கீழ்த் தராசைப் பூச்சியமாக்கிவிட்டுத் தொடங்காதே. சில தராசுகள் பூச்சியத்துக்குக் கிட்ட மெல்ல வரும் மாற்றத்தைத் தாமே அழித்துவிடும். முதல் வாசிப்பை எழுதிவைத்துக் கழி. இங்கே கடற்கரையில் பொறுக்கும் முருகைக்கல்லும் சரிவராது, துளைகளில் காற்று நிற்கும். கல் அடியில் முட்டினால் கீழ்த் தராசு 100 கிராமைத் தாண்டும், விற்றராசும் அதே அளவுக்கு இன்னும் குறையும். விதி உடையவில்லை, மேலுதைப்போடு முகவையின் அடியும் தள்ளத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கல்லை இறக்குமுன் கீழ்த் தராசு கூடுமா, குறையுமா, மாறாதா என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கு. கல் நூலில்தானே தொங்குகிறது என்று நினைத்து, கெட்டிக்காரப் பிள்ளைகளும் ‘மாறாது’ என்றே எழுதுவார்கள்.

அன்புடன்,
அப்பா