மோட்டார் அறைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அடுத்த கல்வியாண்டில் நம் கல்லூரியில் தொடங்கவிருக்கும் 'நிலைத்த வளர்ச்சியும் தலைமைப் பண்பும்' மைனர் படிப்பின் (முதன்மைப் பட்டத்தோடு கூடுதலாகப் படிக்கும் துணைப் படிப்பு) வரைவுப் பாடத்திட்டத்தை, முன்னாள் மாணவர் பிரதிநிதி என்ற முறையில் எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். மூன்று முறை படித்தேன். கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையிலேயே பொறியியல் மாணவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் படித்து, சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும் என்ற பிரிவில் மைனர் பட்டம் வாங்க வழி இருக்கிறது. இப்போது நம்மைப் போன்ற கலை, வணிகவியல் கல்லூரிக்கும் அது வருகிறது. சேரப்போகிற பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு கட்டாயம் வரவேண்டும். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எப்படி வரவேண்டும் என்பதில்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நான் படித்தபோது இருந்தது 'சுற்றுச்சூழல் கல்வி' என்ற ஒரே தாள். உச்ச நீதிமன்றம் 2003-இல் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, நாடு முழுக்க எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயமாக்கப்பட்ட தாள். முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் வாங்கிய பன்னிரண்டு பக்க நோட்ஸை மனப்பாடம் செய்து 71 மார்க் எடுத்தேன். உணவுச் சங்கிலிப் படம் வரைந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பரீட்சை நடந்தது 2019 ஏப்ரலில். ஜூனில் கல்லூரி திறந்தபோது சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. நீர்வளம் பற்றிப் பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு வந்த எங்களில் ஒருவருக்கும், நம் கல்லூரிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரியாது.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். விடுதிக்குப் பின்னால் மோட்டார் போடும் அண்ணன். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டு, ஈரம் ஏறிய இடத்தை விரல் கணக்கில் அளப்பார். தண்ணீர் லாரி வந்து போனதும் மோட்டார் அறையின் உள்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. வாரத்துக்கு ஒரு வரிசை. பாதி தண்ணீரோடு வந்த லாரிக்குக் கோடு பாதிதான் இருக்கும். அந்தக் கோடைகாலத்தின் முழுக் கணக்கும் அந்தச் சுவரில் இருந்தது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று சண்டை போடப் போன நான், அவர் அந்தச் சுவரைக் காட்டியதும் பேசாமல் திரும்பி வந்தேன். 'இந்த வாரம் எட்டு லோடு கொறச்சல் பாப்பா, எங்கேருந்து விடுவேன்?' என்றார்.

அடுத்த வருடம் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று எல்லா இடத்துக்கும் வெள்ளையடித்தார்கள். அந்தச் சுவருக்கும் சேர்த்து. நம் கல்லூரியிடம் இருந்த ஒரே உண்மையான தண்ணீர்க் கணக்கு அன்றோடு போயிற்று. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அது கணக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும் அன்று தோன்றவில்லை.

இப்போது நான் பார்க்கிற வேலை அந்தக் கோடுகளை அடிக்கடி நினைவுபடுத்துகிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் ஆண்டுதோறும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைத் தரவேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. மின்சாரம், தண்ணீர், கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு எல்லாவற்றையும் எண்ணிக்கையில் காட்டும் அறிக்கை. அதற்கான எண்களைத் திரட்டித் தருகிற குழுவில் இருக்கிறேன். 'இந்த மைனரால் வேலை கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்பார்கள். கிடைக்கும். வணிகவியல் படித்தவர்களுக்கு இதில் நல்ல இடம் இருக்கிறது.

ஆனால் அந்த அறிக்கையில் தண்ணீருக்கான பகுதியைப் பாருங்கள். மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், வெளியாரிடம் வாங்கிய நீர், கடல்நீர் என்று தனித்தனி வரி. ஒரு தொழிற்கூடம் தன் போர்வெல்லை நிறுத்திவிட்டு லாரித் தண்ணீர் வாங்கினால், நிலத்தடி நீர் என்ற வரியில் எண் இறங்கிவிடும். வெளியாரிடம் வாங்கிய நீர் என்ற வரியில் ஏறும். அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? செங்கல்பட்டுப் பக்கமோ திருவள்ளூர்ப் பக்கமோ யாரோ ஒருவருடைய வயல் கிணற்றிலிருந்து. அதுவும் நிலத்தடி நீர்தான். பூமிக்கு அடியிலிருந்து ஒரு சொட்டும் குறைவாக எடுக்கவில்லை. ஆனால் மேடையில் காட்டும் பிபிடியில் 'நிலத்தடி நீர் பயன்பாடு குறைந்தது' என்று ஒரு பச்சை அம்புக்குறி.

இரண்டு வருடம் முன்பு அப்படி ஒரு அம்புக்குறி என் கண்ணெதிரே திரையில் வந்தது. எண்களைத் திரட்டியது நான். லாரி பில்கள் என் பையில் இருந்தன. கூட்டத்தில் பதினோரு பேர், எல்லாரும் என்னைவிடப் பெரியவர்கள். எழுந்து சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

உங்கள் வரைவில் 'தலைமைப் பண்பு' என்ற இரண்டு தாள்களையும் இந்தக் கண்ணோடுதான் படித்தேன். தலைமைக் கோட்பாடுகள், குழு மேலாண்மை, வெளிநாட்டு நிறுவனத் தலைவர்களின் வெற்றிக் கதைகள். தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மைனரை முடித்து வெளியே போகிற பிள்ளை முதல் நாளே தலைவராக உட்காரப் போவதில்லை. பதினோரு பேர் இருக்கும் அறையில் பன்னிரண்டாவது ஆளாக, கதவு ஓரமாக உட்காரப் போகிறது. அந்த நாற்காலியிலிருந்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, 'சார், இந்த எண் இப்படி இல்லை' என்று மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லத் தெரியவேண்டும். அதற்கான பயிற்சி இந்த இரண்டு தாளில் எங்குமே இல்லை.

தலைமைக்கும் கணக்குக்கும் உள்ள உறவைச் சொல்ல நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலையைப் பற்றிப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் அங்கே ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக 'ஏரி வாரியம்' இருந்தது, ஆறு பேர் கொண்டது, 360 நாள் மட்டுமே பதவி என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது என்று உறவுமுறைகளை வரிசையாகச் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும் திறந்திருந்த சபை அது. அதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் ஏரிக்குப் பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று ஆயிரத்து நூறு வருடம் முன்பே கல்லில் வெட்டிவைத்த மண் இது. ஒரு பேருந்து பிடித்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள்.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் தாளில் நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்று வரையறுத்த 1987-இன் பிரண்ட்லாண்ட் அறிக்கையும், ஐ.நா. 2015-இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளும் இருக்கின்றன. இருக்கட்டும், அவை தெரிய வேண்டியவைதான். ஆனால் அதே பருவத்தில் மாணவர்கள் நம் கல்லூரியின் கணக்கை எடுக்கட்டும். மொட்டை மாடியை டேப் வைத்து அளக்கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் மாடி என்றால் 14 லட்சம் லிட்டர். அதில் பாதியைப் பிடித்தாலும், 12,000 லிட்டர் லாரியில் ஐம்பது லோடுக்கு மேல். இந்தக் கணக்குப் போட பி.காம். பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். அப்புறம் அவர்களே கேட்பார்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று. 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாகிவிட்டது. நம் கல்லூரியிலும் தொட்டி இருக்கிறது. பழைய நூலகத்துக்குப் பக்கத்தில், இருசக்கர வாகனம் நிறுத்துமிடத்துக்காக டைல்ஸ் ஒட்டியிருக்கிறீர்களே, அதற்கு அடியில்.

அந்தக் கணக்கை வருடத்துக்கு ஒரு முறை முதல்வர் முன்னாலும் ஆட்சிக்குழு முன்னாலும் மாணவர்கள் வாசிக்க வேண்டும். டைல்ஸுக்கு அடியில் இருக்கும் தொட்டியைப் பற்றியும் வாசிக்க வேண்டும். கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். இன்டர்னல் மார்க்கில் அந்தச் சங்கடத்துக்காக ஒரு மார்க்கும் குறையாது என்று பாடத்திட்டத்திலேயே எழுதிக் கொடுங்கள். நான் பேசாமல் இருந்த அந்த அறைக்கான பயிற்சி இதுதான். இந்த ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொண்டால், மற்றதில் நான் எதையும் விட்டுக்கொடுக்கத் தயார்.

வெற்றிக் கதைகளுக்குப் பதிலாக 2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியபோது, மீனவர்கள் படகில் போய் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. யார் எப்போது என்ன அளந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதன் உத்தரவுகளில் இருக்கிறது. அந்தக் காகிதங்களை வகுப்பில் வைத்து வரி வரியாகப் படித்தால் ஒரு பருவத்துக்குப் போதும். களப்பயணம் என்று போட்டிருக்கிறீர்கள், நல்லது. பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம். அங்கே போனால் பறவைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒட்டியே இருக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டையும் காட்டுங்கள். நம் கேன்டீன் குப்பை எந்த வண்டியில் ஏறி எங்கே போகிறது என்பதை அதற்கு முன்பே பிள்ளைகள் பின்தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு. வகுப்புகளை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்திருக்கிறீர்கள். நம் மாணவர்களில் எத்தனையோ பேர் நான்கு மணிக்குத் தி.நகர்க் கடைகளில் வேலைக்கு நிற்கவேண்டியவர்கள். நானும் நின்றவள்தான். தண்ணீருக்கு வரிசையில் குடம் வைத்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்கள் வரமுடியாத நேரத்தில் இந்தப் படிப்பை வைத்தால், தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவர்களே வகுப்பில் இருக்க மாட்டார்கள். மாற்றுங்கள், தனிக் கட்டணமும் வேண்டாம்.

அப்புறம், அறிக்கைகளைத் தமிழில் எழுத அனுமதியுங்கள். ஆங்கிலமும் வேண்டும், வேலைக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் கல்லூரியின் தண்ணீர்க் கணக்கைப் பற்றி எழுதும் அறிக்கையை, அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுகிறவர் படித்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்ல முடியவேண்டும்.

போன மாதம் கூட்டத்துக்கு வந்தபோது அந்த மோட்டார் அண்ணனைப் பார்த்தேன். முடி நரைத்துவிட்டது. இன்னும் அதே மூங்கில் கழி. சுவரில் எழுதினால் திட்டுகிறார்கள் என்று இப்போது ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டில் கோடு போடுகிறார். நாலு நோட்டு சேர்ந்திருக்கிறதாம். அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார் என்றார். ஜூனில் தொடங்கும் முதல் வகுப்புக்கு அவர் கல்லூரியில் இருக்க மாட்டார். அதற்குள் அந்த நாலு நோட்டையும் அவரிடமிருந்து முறையாகக் கேட்டு வாங்கி, நூலகத்தில் வையுங்கள். முதல் வகுப்பை எடுக்க அவரையே அழையுங்கள், விருந்தினர் விரிவுரைக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தோடு. ஓய்வு பெறும் வரை காலை எட்டரை மணிக்கு மோட்டார் அறையில் இருப்பார்.

அன்புடன்,
முன்னாள் மாணவி, வணிகவியல் துறை, 2017–2020
சென்னை