பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோவிந்தனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைத் தேவகிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தில், கீழ்ப்பல் நான்கும் ஆடுகிறது, தீபாவளிக்குள் பிடுங்கிவிட்டுச் செட்டுப் பல் கட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு, அதைச் சொல்லத்தான் இன்றே எழுத உட்கார்ந்தேன்.

போன வருசம் எனக்கும் இதே கதைதான். ஈப்போவில் பல் டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றைக் கடைவாய்ப் பல்லின் ஈறுக்குள் விட்டு அளந்தார். ஏழு மில்லிமீட்டர் இறங்கியது. மூன்றுக்குள் இருக்க வேண்டுமாம். எக்ஸ்ரேயில் வேரின் ஒரு பக்கம் மட்டும் எலும்பு கிணறு மாதிரிக் குழிந்திருந்தது. "இப்படிக் குழியாக இருந்தால் திரும்ப வளர வாய்ப்பு உண்டு. சுற்றிலும் ஒரே மட்டமாகக் கரைந்திருந்தால்தான் கஷ்டம்" என்றார்.

பல் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லைக் கட்டிப் பிடித்திருப்பது அதுதான். நம் அப்பாக்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தி கட்டைவரை போகாமல் பார்த்துக்கொள்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? அடியில் இருக்கும் ஈரப் படலம் பிழைத்தால் பட்டை வழவழவென்று திரும்ப வளரும். அதில் கத்தி பட்டால் முண்டு முண்டாகத்தான் வளரும். வேரைச் சுற்றியுள்ள நாரிலும் அப்படி உயிர் வைத்திருக்கும் செல்கள் உண்டு. ஆனால் புண்ணைச் சுத்தம் செய்ததும் ஈற்றின் மேல்தோல்தான் முந்திக்கொண்டு வேரை மூடிவிடுகிறது. காட்டை வெட்டிய இடத்தில் கன்று நடுவதற்குள் லாலான் புல் ஏறுகிற மாதிரி. அப்புறம் நாருக்கும் எலும்புக்கும் இடமே இல்லை.

1982-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள், ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படும் தாளை ஈறுக்கும் வேருக்கும் நடுவில் வைத்து மேல்தோலைத் தடுத்தார்கள். வேரின் மேல் புதிய நார் ஒட்டி வளர்ந்தது. எனக்கு வைத்ததும் அந்த வழியில் வந்த சவ்வுதான், ஆனால் தானாகக் கரையும் வகை. மாட்டிலிருந்து எடுத்ததும் உண்டு, பன்றியிலிருந்து எடுத்ததும் உண்டு, எது சம்மதம் என்று டாக்டர் முதலிலேயே கேட்டார். அப்படிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மா மாடு தொடாதவர் என்பதால் பன்றியைச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து அளந்தபோது நான்கு மில்லிமீட்டர்தான் இறங்கியது. இப்போது முறுக்கை அந்தப் பக்கமே கடிக்கிறேன்.

இன்னும் பெரிய வேலையெல்லாம் நடக்கிறது. 2004-இல் அமெரிக்காவில், பிடுங்கிய ஞானப்பல்லின் நாரிலிருந்தே ஸ்டெம் செல்லை, அதாவது புதிதாகத் திசு வளர்க்கக்கூடிய மூலச் செல்லை, பிரித்தெடுத்தார்கள். நாம் குப்பையில் போடுகிற பல்! தோக்கியோவில் அந்த நார்ச் செல்களைத் தட்டில் படலமாக வளர்க்கிறார்கள். உடம்புச் சூட்டில் தட்டோடு ஒட்டியிருக்கும், குளிரவைத்தால் கிழியாமல் தாள் மாதிரி கழன்று வரும். மூன்று தாளை அடுக்கி வேரின்மேல் வைத்து, குழியில் எலும்புக்கான துகளை நிரப்புகிறார்கள். பத்துப் பேருக்கு அவரவர் செல்லைக் கொண்டே செய்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நம் ஊர்ப் பல் கிளினிக்குக்கு அது வர நாளாகும். ஆனால் பல் இருந்தால்தானே அதற்குக் காத்திருக்கலாம்? பிடுங்கிவிட்டால் அந்த நாரும் அதோடு போய்விடும்.

உன் நான்கு பல்லும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றிரண்டைப் பிடுங்கத்தான் வேண்டியிருக்கலாம். அதை எக்ஸ்ரே பார்த்து ஈறு டாக்டர் சொல்லட்டும். அதற்கு முன் வேரில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். உன் சர்க்கரை இறங்க வேண்டும். சிகரெட்டையும் விடு கோவிந்தா. புகை பிடிப்பவனுக்கு இந்தச் சிகிச்சை சரியாகப் பிடிப்பதில்லை என்று டாக்டர் என்னிடம் அழுத்திச் சொன்னார்.

ஈப்போவுக்கு வருவதானால் முதல் நாளே இங்கே இறங்கிவிடு. காலையில் பசியாறிவிட்டு நானே காரில் கூட்டிப்போகிறேன். கடைசியாக எடுத்த சர்க்கரை எவ்வளவு என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
மாணிக்கம்