சிகரட்டை விட்ட கதை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

ஆறு மாதமாகப் பதில் போடாததற்கு நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, முற்றமெல்லாம் மண்.

சங்கதி இதுதான்: சிகரட்டை விட்டுவிட்டேன். சிரிக்காதே. நெஞ்சு பிடித்து ஒரு இரவு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தேன். பயப்பட ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் விடியும்வரை மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

இந்தப் பெருமையை லண்டன்காரனுக்கு இங்கிலிஷில் எழுதினேன் பார்: ‘ஐ ஸ்டாப்ட் டு ஸ்மோக்’. உடனே பதில் வந்தது: ‘எந்தச் சந்தியில நிண்டு பத்தினாய்?’ எனக்கு விளங்கவேயில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகள்தான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னாள், சிகரட் குடிப்பதற்காக வழியில் நின்றேன் என்று எழுதியிருக்கிறேனாம். விட்டேன் என்பதற்கு ‘ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. பண்டிதர் நமக்கு மனப்பாடமாக்கிய ‘செய’ என்னும் வாய்பாடு நினைவிருக்கிறதா? போக முடியும், போக ஆசை, போக விடு, போகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே ‘போக’ போதும். வெள்ளைக்காரனிடம் அது நடக்காது. ‘வோண்ட்’ வந்தால் ‘டு கோ’, ‘கேன்’ வந்தால் வெறும் ‘கோ’. ‘லெட்’டுக்கு டு ஆகாது, அதே அர்த்தமுள்ள ‘அலவ்’வுக்கு டு இல்லாமல் சரிவராது. ‘மேக்’ இன்னும் மோசம். அம்மா என்னைச் சாப்பிட வைத்தாள் என்றால் ‘மேட் மீ ஈட்’. அதையே செயப்பாட்டுவினையாக்கினால் ‘ஐ வோஸ் மேட் டு ஈட்’. இல்லாத டு எங்கிருந்து வந்து குந்தியது?

‘ஐ கேன் டு ஸ்விம்’ என்று சொல்லிப் பிரம்படி வாங்கியவன் நீ. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது யோசித்தால், ‘நீந்த முடியும்’ என்பதில் உள்ள ‘நீந்த’வைத்தான் நீ அப்படியே தூக்கி வைத்திருக்கிறாய். தமிழ் உனக்கு நன்றாகத் தெரிந்ததால் வந்த பிழை அது. ஒருவரும் அதை எடுத்துச் சொல்லவில்லை, அடிதான் கிடைத்தது. சிரித்ததற்கு மன்னித்துக்கொள்.

கடைசியில் ஸ்டைலாக ‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதப் போனேன். மகள் எட்டிப் பார்த்து, ‘அப்பா, அந்த டு வேற ரகம், அதுக்குப் பின்னால பெயர்ச்சொல் மாதிரித்தான் வரும், மீட்டிங் என்று எழுதுங்க’ என்கிறாள். வேண்டாம் சாமி, தமிழிலேயே கேட்கிறேன்: ஆவணியில் வருவாயா? வரும்போது சிகரட் பெட்டியை மட்டும் கொண்டுவராதே.

உன் பழைய மச்சான்