சனிக்கிழமைப் படத்தை நிறுத்தாதே

ஹைட் பார்க், சிகாகோ
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள சம்முவம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்குப் பல் முளைக்கிறது, ராத்திரி வீடே முழித்துக் கிடக்கிறது. உன் மதினிக்கு முழங்கால் வலி அப்படியேதான், குளிர் வேறு தொடங்கிவிட்டது. நீ கேட்ட மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் இங்கே தரமாட்டார்களாம், மருமகன் விசாரிக்கிறார். மற்ற சேதியெல்லாம் கிடக்கட்டும், உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன்.

நாலு பக்கம் பென்ஷன், ரேஷன் கடை, பக்கத்து வீட்டு வேப்பமரம் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரியில், "சனிக்கிழமைப் படத்தை டிசம்பரோடு நிறுத்திவிடலாமென்று இருக்கிறேன்" என்கிறாய். நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்கிற மாதிரி! கல்லூரியில் நீ வாராவாரம் போடுகிற படத்துக்குப் போன வாரம் எட்டுப் பேர்தான் வந்தார்களாம். அதிலும் இரண்டு பேர் ஏசிக்கு வந்தவர்களாம். எல்லாப் படமும் செல்போனில் கிடைக்கும்போது எவன் வருவான் என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான்டே இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்.

மகள் வீட்டிலிருந்து சிகாகோ பல்கலைக்கழகம் நடக்கிற தூரம்தான். வந்த புதிதில் சும்மா கால் போன போக்கில் போனேன். பல்கலைக்கழகத்தைச் சுற்றி மதில் இல்லை. எங்கே தெரு முடிந்து எங்கே பல்கலைக்கழகம் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஐடா நாய்ஸ் ஹால் என்று ஒரு பழைய கல் கட்டடம், அதில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. கிழமைவாரியாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம். அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ, மகள் தேடிக்கொண்டு போன் பண்ணிவிட்டாள்.

டாக் ஃபிலிம்ஸ் என்று பெயர். மாணவர்கள் நடத்துகிற திரைப்படச் சங்கம். வேர் 1932 வரை போகிறதாம், 1940-இல் ஆவணப்படம், அதாவது டாக்குமென்டரி, போடுவதற்கென்று முறையாகத் தொடங்கியது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கல்கத்தாவில் சத்யஜித் ராய் தன் கூட்டாளிகளோடு சங்கம் ஆரம்பித்தது 1947-இல். அதற்கும் மூத்தது இது! வகுப்பு நடக்கிற காலத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு ராத்திரியும் படம் உண்டு. டிக்கெட் கிழிக்கிறவர் முதல் ஆபரேட்டர் வரை யாருக்கும் சம்பளம் கிடையாது. படிக்கிற பிள்ளைகள், கூட ஊர்க்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். பார்க்க வருகிறவனிடம் நீ யார், எந்தத் துறை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் உனக்கு விலாவாரியாகச் சொல்ல வேண்டும். ஒரு பருவம் என்றால் ஏறக்குறைய பத்து வாரம். கிழமைக்கு ஒரு தொடர். செவ்வாய்க்கிழமை ஒரு இயக்குநர் என்றால் பருவம் முடிகிறவரை செவ்வாய்தோறும் அவர்தான். புதன் ஒரு நாடு, வியாழன் ஒரு நடிகை, இப்படி. ஒவ்வொரு தொடரையும் யாரோ ஒரு பிள்ளை யோசித்து, மற்றவர்களிடம் வாதாடி, இன்ன காரணத்துக்காக இந்தப் படம் என்று நாலு வரி எழுதிக் கொண்டுவந்திருக்கிறது. அந்த நாலு வரியைப் படித்தாலே போய்ப் பார்க்க வேண்டுமென்று கை பரபரக்கிறது. நீ என்ன செய்கிறாய்? வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸாப்பில் "நாளை மாலை 6 மணிக்குப் படம், அனைவரும் வருக" என்று போடுகிறாய். எதற்கு வரவேண்டுமடே? போன வாரத்துப் படத்துக்கும் இந்த வாரத்துப் படத்துக்கும் ஒரு சம்பந்தம் வேண்டாமா?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். வார நடுவில் ஒரு ராத்திரி, மழை. நானூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கில் இருபது பேர் இருந்திருந்தால் அதிகம். இன்றைக்கு ரத்து செய்துவிடுவார்களோ என்று நினைத்தேன். சரியான நேரத்துக்கு ஒரு பெண் பிள்ளை முன்னால் வந்து நின்றாள், பத்தொன்பது இருபது வயது இருக்கும். மைக்கைப் பிடித்து, இந்தப் பிரதி எங்கேயிருந்து வந்தது, இதை எடுத்தபோது அந்த இயக்குநர் என்ன பாடுபட்டார், இன்றைக்கு எதைக் கவனித்துப் பார்க்கலாம் என்று ஐந்து நிமிஷம் பேசினாள். அரங்கம் நிறைந்திருந்தால் எப்படிப் பேசியிருப்பாளோ அப்படியே பேசினாள். காலி நாற்காலிகளை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தது. 35 எம்.எம். பிரதி, இரண்டு புரொஜெக்டர். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையின் வலது மேல் மூலையில் அந்தப் புள்ளி வந்து போகுமே, வந்தது! நம் ஆபரேட்டர் அண்ணாச்சி பக்கத்தில் நின்று "இப்ப பாரு, இப்ப பாரு" என்று சொல்கிற மாதிரியே இருந்தது. ரீல் மாறியது துளியும் தெரியவில்லை. மேலே ஓட்டிக்கொண்டிருந்ததும் ஒரு மாணவன்தான்.

நமக்கு இரண்டு புரொஜெக்டருக்கு எங்கே வழி இருந்தது? ஒரே 16 எம்.எம். மெஷின், ரீல் மாற்றுகிறபோது விளக்கைப் போட்டாக வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில்தானே நாம் அத்தனை சண்டையும் போட்டோம். புனே ஆவணக் காப்பகத்திலிருந்து படப்பெட்டி வரும். ஜங்ஷன் பார்சல் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, பாலத்தைத் தாண்டுகிறவரை நீ பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவாய். ஐப்பசி மழையில் மூன்றே பேருக்கு அந்த ஹங்கேரிப் படத்தை முழுசாக ஓட்டினோமே, அன்றைக்கு "நிறுத்திவிடலாமா" என்று கேட்ட நம் கூட்டாளி வாத்தியாரை நீ அடிக்கப் போனாய். குதிரை வருகிறபோது குடையோடு உள்ளே வந்தது யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, இந்தக் கடிதத்தை நீ மகனிடம் காட்டுவாய்.

படத்தோடு முடியவில்லை. சனிக்கிழமை காலை 11 மணிக்கு இயற்பியல்காரர்கள் பொதுமக்களுக்கென்று சொற்பொழிவு நடத்துகிறார்கள். ஆர்தர் காம்ப்டன் பெயரில், 1976-இலிருந்து, வருஷத்துக்கு இரண்டு பருவம். கட்டணம் கிடையாது. உனக்கு ரொம்பப் பிடிக்கப் போவது எது தெரியுமா? பேசுவது பெரிய பேராசிரியர் இல்லை. முனைவர் பட்டம் முடித்து ஆராய்ச்சியில் இருக்கிற ஒரு இளைஞர், தன் துறையை எடுத்துக்கொண்டு, பருவம் முழுக்க வாராவாரம் அவரே பேசுகிறார். முன் வரிசையில் என் வயதுக்காரர்கள், கையில் பிளாஸ்க்கு, மடியில் நோட்டு. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு பாட்டியம்மா எழுந்து கேள்வி கேட்டார். பேசிய இளைஞர் கொஞ்சம் யோசித்து, "எனக்கு இப்போது விடை தெரியவில்லை, அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றார். அடுத்த வாரம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். பொன்னாடை இல்லை, நினைவுப் பரிசு இல்லை. நம் பக்கத்தில் வரவேற்புரை முடிவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும், பிறகு "நேரமின்மை காரணமாக" என்று விஷயம் தெரிந்தவரை உட்கார வைத்துவிடுவார்கள். அதை நினைத்தால் எனக்கு இங்கேயிருந்தே வயிறு எரிகிறது.

வானியற்பியல் மேதை சந்திரசேகர் கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யெர்க்ஸ் வான்நோக்ககத்திலிருந்து 80 மைல் போல காரோட்டி வந்து இங்கே வகுப்பெடுத்தார், பதிவு செய்திருந்தவர்கள் லீ, யாங் என்ற இரண்டே பேர், அந்த இருவருக்கும் 1957-இல் நோபல் என்று ஒவ்வொரு பிரிவு உபசார விழாவிலும் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைக் கொட்டாவி விட வைத்தவன் நீ. உனக்கு மட்டும் எட்டுப் பேர் போதவில்லையா?

வாத்தியாரிடம் இன்னொன்றைச் சொல்லு. ஹார்ப்பர் நூலகத்துக்கும் போய்வந்தேன். 1962-இல் ஏ.கே. ராமானுஜன் இங்கே வந்த புதிதில், பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப்போன இடத்தில் குறுந்தொகையைக் கண்டெடுத்தது இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான். இப்போது அந்த நூலகம் மாணவர்கள் உட்கார்ந்து படிக்கிற கூடம். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பண்டைய மேற்காசியப் பொருள்களுக்கென்று. உள்ளே நுழைந்தால் அசீரியாவின் சிறகுக் காளை, மனிதத் தலையோடு, பதினாறு அடி உயரம், 40 டன். கோர்சாபாத்தில் இரண்டாம் சார்கோன் கட்டிய அரண்மனையிலிருந்து வந்தது, 1929-இல் இந்தப் பல்கலைக்கழகக்காரர்களே தோண்டியெடுத்தது. ஒரு தொண்டர், தலை முழுக்க நரைத்த அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தி, "இதற்கு எத்தனை கால்?" என்றார். முன்னால் நின்ற பிள்ளைகள் இரண்டு என்றார்கள், பக்கத்தில் நின்றவை நாலு என்று கத்தின. ஒரு பையன் மட்டும் மூலைக்குப் போய் எட்டிப் பார்த்து, ஐந்து என்றான். முன்னால் பார்த்தால் நிற்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் நடக்கிறது. அதற்காகவே சிற்பி ஒரு காலைக் கூட்டிச் செதுக்கியிருக்கிறான். அந்த அம்மா வாயைத் திறந்து விடையே சொல்லவில்லை, பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

எனக்கு அங்கே நின்றபோது ஆதிச்சநல்லூர் ஞாபகம்தான். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி பெர்லினுக்கு எடுத்துப் போனவை, பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்து எழும்பூர் மியூசியத்துக்குப் போனவை. இந்தக் காளையும் தன் ஊரில் இல்லை. இராக்கில் 2015-இல் நினிவே வாசலில் நின்ற இதன் கூட்டாளிகளை டிரில் போட்டு உடைத்தார்கள் என்பதால் இங்கே இருப்பது நல்லதென்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் இப்போது ஆதிச்சநல்லூரிலேயே, தோண்டிய இடத்திலேயே, தாழிகளைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறபடி வைத்திருக்கிறார்களே, உன் எட்டுப் பேரை அங்கே கூட்டிப்போனாயா?

பணக்காரப் பல்கலைக்கழகம், ராக்ஃபெல்லர் காசில் 1890-இல் தொடங்கியது, அதனால் முடிகிறது என்று நீ சொல்வாய். காசு உண்டுதான். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இந்தப் பேட்டையைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1950-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் இங்கேயிருந்து வெளியேற்றப்பட்டார்கள், பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. எனக்கு முடி வெட்டுகிற பெரியவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தத் தெருக்களில் கால் வைக்கவே அவருடைய அம்மா விடமாட்டாராம். இப்போது அவரே சனிக்கிழமைச் சொற்பொழிவுக்கு வருகிறார். கதவு தானாகத் திறக்கவில்லை, யாரோ உள்ளேயிருந்தும் யாரோ வெளியேயிருந்தும் தள்ளியிருக்கிறார்கள். உன் கல்லூரி வாசலில் நோட்டைப் போட்டு, பெயர், முகவரி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்களே, சைக்கிள் கடைப் பையன் எப்படிப் படம் பார்க்க வருவான்? எட்டுப் பேர் வந்ததே எனக்கு ஆச்சரியம். முதல்வரைப் போய்ப் பார். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அந்த நோட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லு.

இப்போது வேறொன்று. உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, போய்ச் சேர்ந்த பிறகு நீ சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வருவது அந்த ஒரு நாள்தான் என்று வாத்தியார் போனில் சொன்னான். நீ எனக்கு எழுதவில்லை. மற்ற நாள் டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். சம்முவம், படம் பார்க்க வருகிறவர்களுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அவள் எத்தனை வருஷம் சுக்குக் காப்பி போட்டுத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். கூட்டம் குறைவென்று அவள் ஒரு நாளும் காப்பியைக் குறைத்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதுடே. இதையும் நிறுத்திவிட்டால் நீ எதற்காகப் படியிறங்குவாய்?

சரி, வேலைக்கு வா. டிசம்பரில் ஓய்வெடுத்துக்கொள். பொங்கலுக்கு முன்னால் நான் ஊரில் இருப்பேன். பொங்கல் கழிந்து பத்துச் சனிக்கிழமைக்கு ஒரு தாள் போடுவோம். ஐந்து வாரம் படம், எல்லாம் ஆறும் நீரும் பற்றியவை. இடையிடையே ஐந்து வாரம் பொருநைக்கரைத் தொல்லியல், ஒரே ஆள் பேச வேண்டும், தோண்டுகிற இளைஞர்களில் ஒருவர். தேதியும் தலைப்பும் முன்கூட்டியே அச்சடித்து, பஸ் ஸ்டாண்டு, நூலகம், டீக்கடை எல்லா இடத்திலும் ஒட்டுவோம். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி நீ எழுது, உன் கையெழுத்து புரியாது, வாத்தியாரைப் பிரதி எடுக்கச் சொல்லு. ஆபரேட்டர் அண்ணாச்சி மகன் டவுனில் பிரஸ் வைத்திருக்கிறானே, அவனிடம் விலை கேட்டு வை. முதல் மூன்று படத்துக்கு என் யோசனையைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காது, தெரியும், சண்டைக்கு வா.

பதிலை இந்த வாரமே போடு. முதல்வர் என்ன சொன்னார் என்பதை முதல் வரியில் எழுது, வேப்பமரம் கடைசியில் வரட்டும்.

அன்புடன்,
கிட்டு