தாத்தாவின் கத்தியைக் கொடுத்தனுப்பவில்லை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாடி வேலை இழுத்துக்கொண்டே போகிறது, அதையெல்லாம் அம்மா போனில் சொல்லுவாள். நான் எழுத உட்கார்ந்தது கத்தி விஷயமாக.

அண்ணன் மான்செஸ்டர் கிளம்பும்போது தாத்தாவின் பேனாக்கத்தியைக் கொடுத்துவிடச் சொன்னாய். நான் கொடுக்கவில்லை. கோபப்படாதே. செக்-இன் பெட்டியில் போட்டால் வந்துவிடும் என்று நீ சொன்னது சரிதான், கைப்பையில்தான் கூடாது. ஆனால் விமானத்தில் வந்துவிட்டது என்பதற்காக அதைத் தெருவில் கொண்டுபோக முடியாது, பாப்பா.

ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்றேகால் அங்குலம். பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுபோகக்கூடிய மடக்குக் கத்தியின் வெட்டும் பகுதியின் நீளம் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 7.62 செ.மீ. 1988ஆம் வருடச் சட்டம். அதைவிடப் பெரிய சிக்கல், விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி என்றால் எவ்வளவு சிறியதானாலும் அந்தச் சலுகை கிடையாது. தாத்தாவுடையது பின்பக்கம் அமுக்கினால்தான் மடங்கும், உனக்குத் தெரியாததா? தகுந்த காரணம் இல்லாமல் அதோடு பிடிபட்டால் 4 வருடம் வரை சிறை. அப்புறம் உன் விசா என்ன ஆகும்?

ஞாபகத்துக்காகத்தான் என்றாய். ஞாபகத்துக்கு என்றால் அறையில் இருந்தால் போதும், வீட்டுக்குள் வைத்திருப்பதில் தவறில்லை. நீயோ கோட்டுப் பைக்குள் அடங்குமா என்று கேட்டாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனது சரியில்லை.

தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்பதை அங்கே காரணமாக ஏற்கமாட்டார்கள். பயமாக இருந்தது என்று உள்ளதைச் சொன்னால் அதுவே உனக்கு எதிராகப் போகும். சட்டம் விட்டுவைத்திருக்கிற சின்னக் கத்தியைக்கூட, தேவைப்பட்டால் குத்தலாம் என்ற எண்ணத்தோடு வைத்திருந்தால் அது ஆயுதம்தான். அதனால் 3 அங்குலத்துக்குள் வேறொன்று வாங்கிக்கொள்கிறேன் என்று ஆரம்பிக்காதே.

டிசம்பரில் ஜெர்மனி போகிறாய் அல்லவா, அங்கே சட்டம் வேறு. ஒரே கையால் விரித்துப் பூட்டக்கூடிய கத்தியைக் காரணமின்றி வெளியே கொண்டுபோகக் கூடாது. 2024 அக்டோபர் கடைசியிலிருந்து திருவிழாக்களிலும் சந்தைகளிலும் கத்திக்கே தடை. நீங்கள் பார்க்கப்போகிற கிறிஸ்துமஸ் சந்தையும் அதில் சேர்ந்ததுதான். பழம் நறுக்கவென்றுகூட எடுத்துப் போகாதே. கடையிலேயே நறுக்கி வாங்கிக்கொள்.

நம் வீட்டிலிருந்து தனியாக அவ்வளவு தூரம் போன முதல் பெண் நீ. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததோ, எது நடந்தாலும் வாயைத் திறக்கமாட்டாய். முன்பெல்லாம் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கூப்பிடுவாய். இப்போது வீட்டுக்குப் போனபிறகு மெசேஜ் மட்டும்தான் வருகிறது. அம்மாவுக்கு இது தோன்றவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை.

யாராவது பின்னால் வருகிறானா? அந்த நிறுத்தத்தில் ஏதாவது தொந்தரவா? போனில் கேட்டால் "ஒன்றுமில்லைப்பா" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். பதிலை எனக்கு மட்டும் எழுது. போலீஸைக் கூப்பிடு, அவசரம் என்றால் 999, இல்லையென்றால் 101. வேலை இடத்திலும் சொல், நேரத்தை மாற்றித் தரச் சொல். தராவிட்டால் அந்த வேலையே வேண்டாம், வாடகையை நான் அனுப்புகிறேன்.

அதுவரை பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு. இங்கே விடிகாலை நாலரை மணி ஆகியிருக்கும், பரவாயில்லை, எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா